தேர்வு அமைதியாக நடந்தது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அண்ணி சொல்வார். மூக்கு நுனியில் இருந்தால் என் கண்ணுக்காவது தெரிந்திருக்கும். அது வேறெங்கோ இருக்கிறது. அந்த ஆறு பேர் என் வகுப்புக்கு வந்த முதல் நாளே வெளியே வந்துவிட்டது.

தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் அலுவலக நடைமுறை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. ஒப்பந்த வேலை. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில் முதல்வர் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வருஷம் இருங்க" என்பார். நான் இருப்பேன். ஏழு ஆண்டுகளாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பை எப்படி அடுக்குவது, வந்த கடிதத்துக்கு எப்படி எண் போடுவது, கத்திக்கொண்டே உள்ளே வருகிறவரிடம் எப்படிக் கத்தாமல் பேசுவது, இவைதான் பாடம். படிக்க வருகிறவர்கள் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அந்த ஆண்டு பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஆறு இடம் ஒதுக்கினார்கள். அவர்களை எடுத்துக்கொள்ள எந்த ஆசிரியரும் முன்வரவில்லை. நானும் முன்வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நான் கால் மணி நேரம் தாமதமாகப் போய்விட்டேன்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் இருபத்து நான்கு பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைசி வரிசையில் ஆறு பேர் எழுந்து நின்றார்கள். நான் பலகையில் தேதி எழுதினேன், வருகை எடுத்தேன், கோப்பு என்றால் என்ன என்று இருபது நிமிடம் பேசினேன். திரும்பிப் பார்த்தால் அந்த ஆறு பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் நிக்கறீங்க?" என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், கத்தினேன் என்பதுதான் சரி.

ஓரத்தில் நின்றவர் பதில் சொன்னார். "உக்காரச் சொல்லலை மேடம்."

அவரைத்தான் எல்லோரும் சார்ஜென்ட் என்று கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து மூன்று. இருபத்து மூன்று ஆண்டுகள் பட்டாளத்தில், அதில் பெரும்பகுதி கனரக லாரி ஓட்டியவர். மற்ற ஐந்து பேரும் எதற்கும் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் யார் முகத்தைப் பார்ப்பது என்று யாருக்கும் கவலை இல்லை.

அவர் மனைவி எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். சீட்டை நீட்டினால் மாத்திரையோடு நாலு வார்த்தையும் சேர்த்துத் தருகிற ஆள். அவர் சொல்லித்தான் சார்ஜென்ட்டின் முன்கதை எனக்குத் தெரியும். பட்டாளத்தை விட்டு வந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று வேலை போயிருந்தது.

முதலாவது, அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று சங்கச் செயலாளர் உத்தரவு போட்டார். மறுநாள் செயலாளரே சீட்டு இல்லாமல் நடைப்பயிற்சி முடித்து வந்தார். மழை வேறு. சார்ஜென்ட் அவரை நாற்பது நிமிடம் வாசலில் நிறுத்தினார். தன் குடையைக் கொடுத்தார், உள்ளே விடவில்லை. இரண்டாவது, பல்பொருள் அங்காடி. இதில் எந்த சோப்பு நல்ல சோப்பு என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, "அந்தத் தகவல் எனக்குத் தரப்படவில்லை" என்றிருக்கிறார். மூன்றாவது, பள்ளி வாகனம். நன்றாகத்தான் ஓட்டினார். ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் ஒரு குழந்தையைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. அப்படி வராவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு அதே இடத்தில் மூன்று மணி நேரம் வண்டியை நிறுத்தியிருந்தார். தன் சாப்பாட்டை அதற்கு ஊட்டிவிட்டார். குழந்தை நிம்மதியாகத் தூங்கிவிட்டது. அதன் அம்மா ஊர் முழுக்க அழுதுகொண்டே தேடியிருக்கிறாள்.

முதல் இரண்டையும் சொல்லும்போது சிரித்த அவர் மனைவி மூன்றாவதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"வீட்லகூட அப்படித்தான் மிஸ். சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாத்தான் வருவாரு. பசிக்கலையான்னு கேட்டா, பசிக்குதுன்றாரு. பசிச்சா வரவேண்டியதுதானேன்னா, நீ கூப்பிடலையேன்றாரு. இத்தனை வருஷமா வீட்டை ஒத்தை ஆளா நான்தான் இழுத்துட்டு வந்தேன். ரெண்டு பேரா இழுக்கலாம்னு பார்த்தா, வண்டியில ஏறி உக்காந்துட்டாரு."

சார்ஜென்ட்டுக்கு இப்போது நாலாவது வேலை ஒன்று கண்ணில் தெரிந்தது. பெரிய மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைக் காக்கும் ஆவண அறை. எங்கள் நிலையத்தின் சான்றிதழோடு ஒன்றாம் தேதி போய் நின்றால் இடம் அவருக்கு. சான்றிதழ் இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு. நாற்பத்து மூன்று வயதில் ஐந்தாவது வேலை ஒன்று கண்ணில் தெரியும் என்று அவர் மனைவி நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

ஆகவே எட்டு மாதம் அந்த ஆறு பேரோடு மல்லுக்கட்டினேன். கோப்பு அடுக்குவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எண் போடுவதில் ஒரு பிழை கிடையாது. மண்டை காய்ந்தது ஒரே ஒரு கேள்வியில்தான். "மேலாளர் விடுப்பில் இருக்கிறார். ஒருவர் புகாரோடு வருகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

ஆறு பேரும் ஒரே பதிலை எழுதினார்கள். "மேலாளர் வரும் வரை காத்திருப்பேன்."

சிவப்பு மையில், "இன்னும் யோசிக்கவும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் பதில் வந்தது. "யோசித்தேன். காத்திருப்பேன்."

அன்றைக்குத்தான் மேசையைத் தட்டிப் பேசினேன். "வெளிய யாரும் உங்களுக்கு விசில் ஊத மாட்டாங்க. யாரும் வந்து, இப்ப எந்திரி, இப்ப நடன்னு சொல்ல மாட்டாங்க. மணி அடிச்சாச்சான்னு நீங்களேதான் பார்த்துக்கணும். அடிச்சாச்சுன்னா கிளம்பிடணும். புரியுதா?"

"புரியுது மேடம்" என்றார்கள், ஆறு பேரும் ஒரே குரலில். சார்ஜென்ட் அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எட்டாவது மாதம் ஒரு முன்னேற்றம் தெரிந்தது. ஆறு பேரில் ஒருவர் பட்டாளத்துச் சமையல்காரர். அவர் எழுதினார்: "மேலாளர் வரும் வரை காத்திருப்பேன். வந்தவரையும் உட்கார வைப்பேன்." ஒரு நட்சத்திரம் போட்டேன். எட்டு மாத உழைப்புக்கு ஒரு நாற்காலி கிடைத்ததே என்று இருந்தது.

அந்த நிலையில்தான் தேர்வு வந்தது.

எங்கள் தேர்வு முறை இப்படி. முதல் மணிக்கு வினாத்தாளைக் கவிழ்த்துவைத்துக் கொடுப்போம். தாளின் முதுகில் பெரிய எழுத்தில், "மேற்பார்வையாளர் கூறும் வரை இத்தாளைத் திருப்பக் கூடாது" என்று அச்சிட்டிருக்கும். இரண்டாவது மணி அடித்ததும் மேற்பார்வையாளர், "திருப்பலாம்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு இரண்டு மணி நேரம். அன்றைக்கு மேற்பார்வையாளர் நான். தாளைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல, "நான் சொல்றவரைக்கும் யாரும் திருப்பாதீங்க" என்று சொன்னேன். அதை மட்டும் மறக்கவில்லை.

இரண்டாவது மணி அடிப்பதற்கும் ஒரு பெண் நுழைவுச் சீட்டைத் தொலைத்துவிட்டு வாசலில் வந்து நின்று ஓவென்று அழுவதற்கும் சரியாக இருந்தது. அவளை ஓரமாகக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, எழுத்தரைக் கூப்பிட்டு, பதிவேட்டில் அவள் பெயரைத் தேடி, படத்தை ஒப்பிட்டு உட்காரவைத்தேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நல்லது என்று நினைத்து என் மேசையில் உட்கார்ந்து, சீட்டைத் தொலைத்தவளுக்கான படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். இரண்டு பிரதி, நான்கு பக்கம். ஒரு பிரதியில் பிறந்த தேதியைத் தப்பாக எழுதியதால் மூன்று பிரதி.

நடுவில் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வரிசையில் ஆறு பேரும் நிமிர்ந்து, கையை முட்டியில் வைத்து, நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மற்ற பிள்ளைகள் அவசரப்பட்டு எதையோ கிறுக்குகிறார்கள், இவர்கள் யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன். யோசிக்கச் சொல்லி எட்டு மாதம் கத்தியவள் நான்தானே.

பிறகு விடைத்தாள்களில் கையெழுத்துப் போட வரிசையாக நடந்தேன். கடைசி வரிசைக்கு வந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. சார்ஜென்ட்டின் விடைத்தாளில் பதிவெண் மட்டும் இருந்தது. வினாத்தாள் கவிழ்ந்தபடியே இருந்தது. பக்கத்தில் சமையல்காரரின் தாளும் அப்படியே. ஆறு தாள், ஆறும் கவிழ்ந்து.

"ஏன் எழுதலை?" என்று கேட்டேன். இந்த முறை குரலே வரவில்லை.

"உத்தரவு வரலை மேடம்" என்றார் அவர், அதே தணிந்த குரலில்.

அந்த நிமிடமே முதல்வரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. "எழுதுங்க, சீக்கிரம் எழுதுங்க" என்று கிசுகிசுத்தேன். ஆறு தாளும் ஒரே சத்தத்தில் திரும்பின. ஆறு பேனாவும் ஓட ஆரம்பித்தன. கடைசி மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள், "ஒரு நிமிஷம் மிஸ், ஒரே நிமிஷம்" என்று தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் அறுவரும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். சமையல்காரர் பாதி வார்த்தையில் நிறுத்தியிருந்தார்.

மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் ஏற்கெனவே அச்சிட்ட ஒரு வரி உண்டு. "தேர்வு அமைதியாக நடந்தது." அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஏழு ஆண்டுகளாகப் போடுகிறேன். அன்றைக்கும் போட்டேன்.

இரண்டாம் நாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் திட்ட மாட்டார், எதையும் முடிவு செய்யவும் மாட்டார். மேசைமேல் அந்த ஆறு விடைத்தாள்கள் இருந்தன. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். சார்ஜென்ட் நாற்பத்தாறு. மற்றவர்கள் அதற்கும் கீழே.

"ஒரே வரிசை, ஆறு பேரும் பாதிதான் எழுதியிருக்காங்க. என்ன விஷயம்னு அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன்" என்றார் முதல்வர்.

"என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டேன்.

"தனித்தனியாத்தான் கேட்டேன். ஆறு பேரும் ஒரே வார்த்தை. 'நேரத்தைச் சரியாப் பயன்படுத்தலை சார், எங்க தவறு'ன்னாங்க. கமா, புள்ளிகூட மாறலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேர்வு அறையில ஏதாவது தப்பு நடந்திருந்தா மறுதேர்வு வைக்கலாம். அதுக்கு மேற்பார்வையாளர் அஞ்சு நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும். ஆனா நீங்கதான் அமைதியா நடந்ததுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. அப்ப ஆறு மாசம் கழிச்சு எழுதட்டும். உங்க ஒப்பந்தம் வேற இந்த மாசம் முடியுது. ஃபைல் சுத்தமா இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வெளியே நடைவழியில் சார்ஜென்ட்டைப் பிடித்தேன். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி மேடம்?"

"உங்க தவறுன்னு!"

"ஆளை மாட்டிவிடற பழக்கம் எங்களுக்கு இல்லை மேடம்."

"நான் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னோடது. அதை நீங்க சொல்லியிருக்கணும். எட்டு மாசம் இதுக்கா தொண்டை கிழியக் கத்தினேன்? உங்க வேலை போகுது, தெரியுதா இல்லையா?"

"தெரியுது மேடம்" என்றார். "நீங்க மறந்துட்டீங்கன்னு எங்களுக்கு முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெரியும். கையைத் தூக்கிக் கேக்கலாமான்னு யோசிச்சேன். நீங்க அந்தப் பொண்ணோட இருந்தீங்க. இப்பக் கேப்பமா, அப்பறம் கேப்பமான்னு பார்த்துட்டே இருந்தேன். அதுக்குள்ள அம்பது நிமிஷம் போயிருச்சு. அது எங்க தவறுதான் மேடம். பொய் சொல்லலை."

போங்கள் என்றேன். போனார். போகச் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் அங்கேயே நின்றிருப்பார்.

வீட்டில் அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் வீட்டு மாடியில்தான் என் குடித்தனம். எதுவும் நடந்தால் மாடிப்படி இறங்கி அண்ணியிடம் கொட்டிவிட்டு ஏறுவது என் வழக்கம். அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப நீ என்ன பண்ணப் போற?"

"முதல்வர் அப்படியே விட்டுடச் சொல்லிட்டாரு."

"அவர் சொன்னது இருக்கட்டும். உன்னைக் கேட்டேன்."

"தலைவலிக்குது அண்ணி" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

தலைவலி உண்மைதான். நாலாம் நாள் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். சார்ஜென்ட்டின் மனைவி இருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு மதிய இடைவேளையில் போனேன். இருந்தார்.

"கேள்வி அவ்வளவு கஷ்டமா மிஸ்?" என்று கேட்டார். மாத்திரையை எடுக்காமலே கேட்டார். "கஷ்டமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்றாரு. வேற ஒரு வார்த்தை வரலை."

நான் மேசைக் கண்ணாடிக்குள் இருந்த இருமல் மருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணாந்தேதி போட்டுக்கறதுக்கு ஒரு சட்டை எடுத்து வச்சிருந்தாரு. நான் சொல்லலை மிஸ். அவராவே கடைக்குப் போய், அவராவே கலர் பார்த்து எடுத்துட்டு வந்தாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவராவே எடுத்த முதல் சட்டை. நீலம். நல்லாவே இல்லை. நான் நல்லா இருக்குன்னு சொன்னேன்." அட்டையில் இருந்து மாத்திரையைக் கத்தரித்தார். "நேத்து அதை மடிச்சு உறையில போட்டு அலமாரிக்கு மேல வச்சுட்டாரு. ஏன்னு கேட்டேன். இப்பத் தேவையில்லைன்னாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தக் கடையில், அந்த இருமல் மருந்துகளின் முன்னால், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாத்திரையை மேசையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

நேராக நிலையத்துக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பவள் நான். எட்டு முறை கிழித்தேன். கடைசியில் இப்படி வந்தது: "இரண்டாவது மணிக்குப் பிறகு, தாளைத் திருப்பலாம் என்று நான் அறிவிக்கவில்லை. கடைசி வரிசைத் தேர்வர்கள் அறுவரும் விதிமுறைப்படி ஐம்பது நிமிடம் காத்திருந்தனர். தவறு முழுவதும் என்னுடையது. தேர்வு அமைதியாக நடந்தது என்று நான் கையெழுத்திட்டது பொய்யல்ல. அறுவரும் மிக அமைதியாக இருந்தனர்."

முதல்வர் அதை இரண்டு முறை படித்தார்.

"இதை எழுதச் சொல்லி யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை சார்."

"அப்பறம் ஏன்?"

"நாளைக்கு அஞ்சாவது நாள் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். அறையை விட்டு வெளியே வரும்போது, "உங்க ஒப்பந்தம் விஷயமா நான் கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார். ஏழு ஆண்டுகளில் முதல் முறையாக, "இன்னும் ஒரு வருஷம் இருங்க" என்று சொல்லவில்லை.

மறுதேர்வு இருபத்திரண்டாம் தேதி. அந்த அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. மேற்பார்வைக்கு வரைபட ஆசிரியரைப் போட்டிருந்தார்கள். நான் நடைவழியில் சன்னலோரமாக, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல நின்றேன். அதில் கழிவறைக் குழாயை மூடவும் என்று மட்டும்தான் இருந்தது. அதை நாற்பது முறை படித்திருப்பேன்.

வரைபட ஆசிரியர் தாள்களைக் கவிழ்த்துவைத்தார். "நான் சொல்ற வரைக்கும் திருப்பாதீங்க" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று மேசை இழுப்பறையைக் குடைய ஆரம்பித்தார். இரண்டாவது மணி அடித்தது. அவர் குடைந்துகொண்டே இருந்தார். கண்ணாடி அவர் நெற்றிக்கு மேலே இருந்தது.

கத்தலாமா என்று பார்த்தேன். நான் கத்தினால் தேர்வே செல்லாது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம். ஆறு பேரும் நிமிர்ந்து, கையை முட்டியில் வைத்து, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரின் கண் மட்டும் மெல்ல சார்ஜென்ட் பக்கம் திரும்பியது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

எழுந்து நின்றார்.

"சார், மணி அடிச்சிருச்சு. நாங்க ஆரம்பிக்கிறோம்."

வரைபட ஆசிரியர், "ஆங், ஆங்" என்றார். ஆறு தாள்கள் ஒரே சத்தத்தில் திரும்பின. நான் பலகையைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த வழியாகப் போன எழுத்தர், "குழாயை நான் மூடிட்டேன் மிஸ்" என்றார்.

ஆறு பேரும் தேறினார்கள். சார்ஜென்ட் எழுபத்தொன்று. மேலாளர் விடுப்பில் இருக்கும் கேள்வி அன்றும் வந்திருந்ததாம். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "அரைப் பக்கம் எழுதினேன் மேடம்" என்றார். ஒன்றாம் தேதி அவர் அந்த நீலச் சட்டையில் வேலைக்குப் போனதாக மருந்துக் கடையில் சொன்னார்கள். நான் மறந்துவிட்டு வந்த மாத்திரையையும் பத்திரமாக எடுத்துவைத்திருந்து கொடுத்தார்கள்.

என் ஒப்பந்தம் முப்பதாம் தேதி முடிந்தது. முதல்வர் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றாரே. கூப்பிடுவார் என்று கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். குளிக்கப் போனால் குளியலறைச் சன்னலில் வைத்தேன். முதல் வாரம் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், "ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துடேன்" என்றார்.

"கூப்பிடறேன்னு சொல்லியிருக்காரு அண்ணி. நாமளா போய் நின்னா நல்லா இருக்காது."

"ஓகோ" என்றார் அண்ணி. அண்ணியின் ஓகோவுக்கு நிறைய அர்த்தம் உண்டு. நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பதினாறாம் தேதி அண்ணியின் மணிக்கட்டு பிசகிவிட்டது. சார்ஜென்ட் வேலை பார்க்கும் அந்தப் பெரிய மருத்துவமனைக்குத்தான் கூட்டிப்போனேன். போன ஆண்டு அதே கையில் அடிபட்டபோது எடுத்த எக்ஸ்ரேயைப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அண்ணியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஆவண அறைக்குப் போனேன்.

நீளமான அறை, கூரைவரை அடுக்கு, முன்னால் ஒரு சன்னல். சன்னலுக்குப் பின்னால் சார்ஜென்ட். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கோப்பு மூன்று நாளாகக் கிடைக்கவில்லையாம், மேலாளரைக் கூப்பிடு என்றார்.

"மேலாளர் இன்னைக்கு லீவு ஐயா" என்றார் சார்ஜென்ட். "நீங்க இப்படி வந்து உக்காருங்க. உங்க பேர்ல இன்னொருத்தர் இருக்காரு, அவரோட கோப்புல கலந்திருக்கும்னு நினைக்கிறேன். அஞ்சு நிமிஷம் கொடுங்க, நானே தேடித் தரேன்."

நாலு நிமிடத்தில் தேடித் தந்தார். பெரியவர் திட்ட வந்ததை மறந்து, நல்லா இருங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மேடம்!" என்றார் என்னைப் பார்த்ததும். எழுந்து நிற்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எண்ணைச் சொன்னேன். உள்ளே போய் அண்ணியின் கோப்பை எடுத்து வந்து, பதிவேட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"இன்னைக்கு வகுப்பு இல்லையா மேடம்?"

"ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு. முதல்வர் கூப்பிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு."

"எப்பச் சொல்றேன்னாரு?"

"அது சொல்லலை. கூப்பிடுவாரு. காத்துட்டிருக்கேன்."

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"பதினாறு நாள்."

"நாங்க அம்பது நிமிஷந்தான் மேடம் உக்காந்திருந்தோம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டி, "உங்க எண் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்து கோப்பை அண்ணியின் நல்ல கையில் கொடுத்தேன். "டாக்டரைப் பார்த்துட்டு இங்கயே இருங்க அண்ணி. நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

"எங்கடி? யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன். முதல்வர் பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போய்விடுவார். மணி பதினொன்று ஐம்பது.